ஒளியும் சில்லும் – 11: மூன்று அடுக்கில் ஒரு மலைச்சரிவு

சென்ற வாரம் பிரைஸ் பேயரின் வண்ணக் கட்டத்தைப் பார்த்தோம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1976-இல் காப்புரிமை பெற்ற அந்த ஏற்பாடுதான் இன்றைக்கு நம் கைபேசி முதல் சினிமா கேமரா வரை அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு பிக்சலுக்கு ஒரு நிறம். நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்டுப்போன மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது.

பெரும்பாலான படங்களுக்கு இந்தக் கணக்கு போதும். முகம், கட்டடம், கல்யாண மேடை எதிலும் குறை தெரியாது. தூரத்துக் காட்டை எடுக்கும்போதுதான் அது தடுமாறும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் நின்றுகொண்டு எதிர்ச்சரிவில் இருக்கும் சோலையைப் படமெடுக்கிறீர்கள். சோலை மரங்களில் பல, துளிர்விடும்போது செம்பு நிறத்திலும் நல்ல சிவப்பிலும் துளிர்விடும். கரும்பச்சை இலைக்கூரையின் நடுவே அந்தத் துளிர்க்கொத்து ஒவ்வொன்றும் படத்தில் இரண்டு மூன்று பிக்சல் அகலம்தான் வரும். அந்தச் சிறிய இடத்தில் சிவப்பை அளக்கிற பிக்சல் ஒன்று விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை. மிச்சத்தைக் கணக்கு நிரப்புகிறபோது சிவப்பும் பச்சையும் கலந்து மங்கலான பழுப்பாகிவிடும். நேரில் எத்தனையோ நிறமாகத் தெரிந்த சரிவு திரையில் ஒரே பச்சையாகத் தட்டையாகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கே வேண்டாம், எல்லா இடத்திலும் எல்லா நிறத்தையும் அளந்துவிடுவோம் என்று யோசித்தவர் பொறியாளர் ரிச்சர்ட் மெர்ரில். சிலிக்கானுக்கு ஓர் இயல்பு உண்டு. நீல ஒளி அதன் மேற்பரப்பை ஒட்டியே உறிஞ்சப்பட்டுவிடும். பச்சை இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். சிவப்பு அதற்கும் கீழே இறங்கும். எல்லாம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு ஆழத்துக்குள் நடந்து முடிகிற காரியம். அந்த ஆழத்துக்குள் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று இடத்தில் மின்னூட்டத்தை அளந்தால், ஒரே புள்ளியில் மூன்று நிறமும் கிடைத்துவிடும். மேலே வண்ண வடிகட்டி எதுவும் தேவையில்லை. இந்த அமைப்புக்கு மெர்ரில் 1999-இல் காப்புரிமை பெற்றார். கோடாக்ரோம் காலத்திலிருந்து வண்ணப் பிலிம் அடுக்கடுக்காகத்தான் நிறத்தைப் பிடித்து வந்தது. அந்த வழக்கத்தைச் சிலிக்கானுக்குள் கொண்டுவந்துவிட்டார் மனிதர்.

அவர் வேலை பார்த்த ஃபோவியான் நிறுவனம் 1997-இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் முதன்மையானவர் கால்டெக் பேராசிரியர் கார்வர் மீட். ஃபோவியான் சென்சாருடன் வந்த முதல் கேமரா, ஜப்பானின் சிக்மா நிறுவனம் 2002-இல் வெளியிட்ட எஸ்டி9. 2005-இல் பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி தன் முன்னேற்றப் பதக்கத்தை ஃபோவியானின் மீட், மெர்ரில், ரிச்சர்ட் லையன் மூவருக்கும் சேர்த்து அளித்தது. 2008-இல் மெர்ரில் காலமானார். அதே ஆண்டு ஃபோவியானைச் சிக்மா வாங்கிக்கொண்டது.

நம் கவனம் இன்றைக்குச் சிறிய கேமராக்களில். 2008-இல் டிபி1 வந்தது: கையடக்கமான உடலில், பெரிய எஸ்எல்ஆர் கேமராவில் இருக்கும் அளவுக்கே சென்சார். அந்த நாளில் அது யாரும் செய்யாத துணிச்சல். ஆனால் இயற்கைக் காட்சி எடுக்கிறவர்கள் இன்றும் தேடி வாங்குவது 2012-லும் 2013-லும் வந்த மூன்று டிபி மெர்ரில் கேமராக்களைத்தான். மறைந்த பொறியாளரின் பெயரையே சிக்மா அவற்றுக்கு வைத்தது. டிபி1 மெர்ரிலில் 19 மில்லிமீட்டர் லென்ஸ், டிபி2 மெர்ரிலில் 30, டிபி3 மெர்ரிலில் 50. ஃபுல் ஃபிரேம் கணக்கில் சொன்னால் 28, 45, 75. லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூம் கிடையாது. ஒவ்வொரு லென்ஸும் அந்த ஒரு சென்சாருக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஓர் அடுக்குக்கு 4800க்கு 3200 பிக்சல். மூன்று அடுக்கையும் கூட்டித்தான் 46 மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சிட்டார்கள். அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. படத்தில் இருப்பது சுமார் 15 மெகாபிக்சல்தான். ஆனால் அந்தப் 15-இல் ஒவ்வொன்றும் மூன்று நிறத்தையும் தானே அளந்த பிக்சல்.

வியூஃபைண்டர் கிடையாது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது. ஒரு ரா ஃபைல் சுமார் 45 எம்பி. அது கார்டில் எழுதி முடிகிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு பேட்டரிக்குச் சுமார் நூறு படம். சிக்மாவே பெட்டியில் இரண்டு பேட்டரி வைத்துக் கொடுத்தது. மலைக்குளிரில் அந்த நூறும் தேறாது. ரிக்கோவின் பழைய ஜிஆர் கேமராவின் DB-65 பேட்டரி இதில் அப்படியே பொருந்தும் என்பதை இப்போது வாங்குகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம். சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டோடு நான்கைந்து வைத்துக்கொண்டால் ஒரு காலைப்பொழுது தாங்கும்.

இந்தச் சென்சாரின் பெரிய பலவீனம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எடுக்கும் முறையும் தானாகப் புரிந்துவிடும். சிலிக்கான் ஒரு துல்லியமான வடிகட்டி அல்ல. மேலடுக்கில் நீலத்தோடு கொஞ்சம் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே பதிவாகும்; கீழ் அடுக்குகளிலும் அப்படித்தான். மூன்று அடுக்கும் தருகிற எண்களை அப்படியே நிறமாக்கினால் சாம்பல் பூத்த படம்தான் வரும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பலமாகக் கழித்துத்தான் நிறங்களைப் பிரித்தெடுக்க முடியும். அந்தக் கழித்தலில் நிறத்தோடு இரைச்சலும் பெருகும். வெளிச்சம் தாராளமாக இருந்தால் இரைச்சல் அடங்கிக் கிடக்கும். குறைந்தால் நிழல் பகுதிகளில் பச்சையும் மெஜந்தாவுமாகத் திட்டுத்திட்டாக எழுந்துவிடும்.

ஆகவே ஐஎஸ்ஓ 100. அதிகம் போனால் 200. மெனுவில் 6400 வரை எழுதியிருக்கிறது. வண்ணப் படத்துக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். ஐஎஸ்ஓ 100 என்றால் விடியலில் ஷட்டர் அரை விநாடி, ஒரு விநாடி என்று நீளும். ட்ரைபாட் இல்லாமல் நடக்காது. அபர்ச்சர் 5.6-இல் லென்ஸ் அதன் உச்சத்தில் இருக்கும். 8 வரை போகலாம். 11-ஐத் தாண்டினால் ஒளி விளிம்பில் சிதறி, எந்த நுணுக்கத்துக்காக இந்தக் கேமராவைச் சுமந்து வந்தோமோ அதுவே கரைந்துபோகும். புல்வெளியும் மரமும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் நான் ஷட்டரைத் தொடுவதில்லை. மலைச்சரிவில் காற்று இடைவிட்டுத்தான் வீசும். சில விநாடி அடங்குகிற நேரம் கட்டாயம் வரும்.

சிவப்பில் தனிக் கவனம் வேண்டும். நீலகிரியின் புல்வெளிகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் ரோடோடென்ட்ரான் மரங்கள் பூக்கும். வெயில் நேராக விழும் அந்தப் பூங்கொத்தில் சிவப்பு எல்லை தாண்டிவிட்டால் இதழ்களின் மடிப்பெல்லாம் மறைந்து, அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி ஆகிவிடும். மொத்தப் படமும் சரியான வெளிச்சத்தில் இருப்பதாகத் திரை சொன்னாலும், சிவப்புப் பூ இருக்கிற படத்தை ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறைத்தே எடுக்க வேண்டும். நிழல் மிகவும் இருண்டுபோகும் என்று தோன்றினால், ட்ரைபாடை அசைக்காமல் நிழலுக்காக இன்னொரு படம் எடுத்துவைத்துக்கொண்டு பிறகு இரண்டையும் இணைக்கலாம். கீழே கிடக்கும் நிழலைப் பின்னால் மென்பொருளில் இழுத்துத் தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

போலரைசரையும் சொல்ல வேண்டும். வானத்தை அடர்நீலமாக்கும் சாதனம் என்றே பலர் அதை வாங்குகிறார்கள். எனக்கு அது இலைக்காகத்தான். தேயிலைத் தோட்டத்தில் முதிர்ந்த இலை ஒவ்வொன்றின் மேலும் வானத்தின் வெண்மை பளபளப்பாகப் படிந்திருக்கும். போலரைசரை மெதுவாகத் திருப்பத் திருப்ப அந்த வெண்மை விலகி, அடியில் இருக்கும் கரும்பச்சை வெளியே வரும். அதன் மேல் நுனியில் கொழுந்தின் மஞ்சள் பச்சை தனியாக எழுந்து நிற்கும். இந்த இரண்டு பச்சைக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தைச் செடி செடியாகப் பிரித்துக் காட்ட ஃபோவியானைப் போல் இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

மூடுபனி மட்டும் இந்தப் பாராட்டுக்கு விதிவிலக்கு. அகல லென்ஸ் உள்ள டிபி1-இல், சென்சாரின் ஓரங்களுக்கு ஒளி சாய்ந்து வந்து விழுகிறது. நிறத்தை ஆழத்தால் பிரிக்கிற சென்சாரில் ஒளி நுழையும் கோணம் மாறினால் நிறமும் மாறும். பாறையும் மரமும் நிறைந்த படத்தில் அது கண்ணில் படாது. வெறும் பனியாக இருக்கும் படத்திலோ ஒரு ஓரம் பச்சையாகவும் இன்னொரு ஓரம் இளஞ்சிவப்பாகவும் சாயும். பனிக்கு டிபி2-ஐ எடுத்துப்போவது நிம்மதி.

இனி வீட்டு வேலை. மெர்ரில் கேமராவின் ரா ஃபைல் எக்ஸ்3எஃப் என்ற வடிவத்தில் வரும். லைட்ரூம் அதைத் திறக்காது. சிக்மா இலவசமாகத் தரும் போட்டோ ப்ரோ மென்பொருளில்தான் தொடங்க வேண்டும். மெதுவான மென்பொருள், ஒவ்வொரு ஸ்லைடரையும் நகர்த்திய பிறகு பொறுத்திருக்க வேண்டும். அதனாலேயே அங்கே குறைவாகச் செய்வது நல்லது. கலர் மோடை நியூட்ரலில் வையுங்கள். விவிட், லேண்ட்ஸ்கேப் இரண்டும் பச்சையை நஞ்சாக்கிவிடும். ஆட்டோ வொயிட் பேலன்ஸை நம்பாமல் வெயில், மேகம் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஷார்ப்னஸை மைனஸ் பக்கம் தள்ளுங்கள். கணக்குப் போட்டு நிரப்பாத படம் பிறக்கும்போதே கூர்மையாக இருக்கிறது. மேலும் கூர்மையாக்கினால் புல்லெல்லாம் கம்பியாகிவிடும். ஃபில் லைட் என்றொரு ஸ்லைடர் உண்டு. நிழலை அழகாகத் திறந்துவிடும். ஆசைப்பட்டுக் கூடுதலாகத் தள்ளினால் மரக்கிளையும் வானமும் சந்திக்கும் இடத்தில் வெளிறிய வளையம் விழும். மிகச் சிறிய அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு 16 பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுங்கள். ஒன்று சுமார் 88 எம்பி இருக்கும். மிச்ச வேலையை லைட்ரூமிலோ ஃபோட்டோஷாப்பிலோ செய்யலாம். முதலில் 100 சதவீதம் பெரிதாக்கி நிழல்களை மட்டும் பாருங்கள். பச்சை, மெஜந்தாத் திட்டு இருந்தால் அந்த நிழல் பகுதியில் மட்டும் நிறச்செறிவைக் குறைத்தால் போதும். இருட்டில் நிறம் குறைவதைக் கண் இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும். மொத்தப் படத்துக்கும் இரைச்சல் நீக்கம் போட்டால் சோலையின் துளிர்களும் சேர்ந்து அழிந்துபோகும்.

2014-இல் வந்த குவாட்ரோ கேமராக்களில் சிக்மா இந்த அமைப்பை மாற்றியது. மேலடுக்கில் மட்டும் சுமார் 20 மெகாபிக்சல், கீழ் இரண்டிலும் அதில் கால் பங்கு. வேகம் கூடியது, இரைச்சல் குறைந்தது. நல்ல கேமராதான். ஆனால் கீழ் இரண்டு அடுக்கின் நுணுக்கத்தை மேலடுக்கிலிருந்து வாங்கி நிரப்பும் கணக்கு மறுபடி உள்ளே வந்துவிட்டதால், காட்டை எடுக்க நான் மெர்ரிலைத்தான் சொல்வேன்.

ஃபுல் ஃபிரேம் ஃபோவியான் கேமரா செய்யப்போவதாகச் சிக்மா 2018-இல் அறிவித்தது. 2020-இல் தள்ளிவைத்தது. 2021-இல், திட்டத்தை முதலிலிருந்து தொடங்குவதாகச் சொன்னது. பிடிவாதமாக அவர்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்காகவே அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. இடையில், மெர்ரில் கேமராக்கள் பழைய சந்தையில் மட்டும்தான் கிடைக்கின்றன. வாங்கும் முன் ஆட்டோஃபோகஸ் சரியாக நிற்கிறதா, லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எடுத்த படங்களை எக்ஸ்3எஃப் ஆக மட்டும் வைத்திருக்காதீர்கள். அதைத் திறக்கும் மென்பொருள் நாளைய கணினியில் ஓடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நல்ல படம் ஒவ்வொன்றுக்கும் டிஃப் நகல் ஒன்றையும் சேர்த்தே வையுங்கள், இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்கில்.

அடுத்த வாரம், பேயரின் கட்டத்தை வேறு விதமாகக் கலைத்துப் போட்ட ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ்-டிரான்ஸ்.

(தொடரும்)