கேசட் போனாலும் துளை இருக்கிறது

புளூடூத் டிரான்ஸ்சீவர் என்று கடைகளில் விற்கும் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ‘ஆர்எக்ஸ்’: காற்றில் வரும் இசையை வாங்கி ஒயருக்குக் கொடுக்கும். மறுபக்கம் தள்ளினால் ‘டிஎக்ஸ்’: ஒயரில் வரும் இசையைக் காற்றில் அனுப்பும். பெரும்பாலான பெட்டிகள் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இருபது, முப்பது வருடப் பழைய ஸ்டீரியோ வைத்திருப்பவர்கள் செல்போன் பாட்டை அதில் கேட்கலாம் என்று இதை வாங்குகிறார்கள். செருகிப் பார்த்துவிட்டு, “ஒரே கரகரப்பு”, “உம்ம்னு ஒரு சத்தம்”, “டிவியில் வாய் முதலில் அசைகிறது, பேச்சு பிறகு வருகிறது” என்று அலுத்துப்போய் மேசை டிராயரில் போட்டுவிடுகிறார்கள்.

குறை பெரும்பாலும் பெட்டியில் இருப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரின் எந்தத் துளையில் அதைச் செருகினோம் என்பதிலேயே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாகத் துளைகள் இருக்கும். சிவப்பு வலது, வெள்ளை இடது. டிரான்ஸ்சீவரில் இருப்பதோ இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை. இரண்டையும் இணைக்கும் ஒயரைச் சென்னை ரிச்சி தெருவில் ‘இ.பி. டு ஆர்சிஏ’ என்று கேட்டால் உடனே எடுத்துப் போடுவார்கள். அதன் மறுமுனையை எங்கே செருகுவது? ஆக்ஸ், டியூனர், சிடி, டேப், ஃபோனோ என்று துளைகளுக்கு மேல் எழுதியிருக்கும். ஆக்ஸ், டியூனர், சிடி மூன்றும் மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு வோல்ட் வரை வரும் சமிக்ஞையை அவை எதிர்பார்க்கின்றன. டிரான்ஸ்சீவர் தருவதும் இந்த எல்லைக்குள்தான் இருக்கும். ஆக்ஸ் காலியாக இல்லையென்றால் டியூனரில் தாராளமாகச் செருகலாம்.

ஃபோனோவில் மட்டும் செருகக்கூடாது. அது இசைத்தட்டின் ஊசிக்கு உரிய வாசல். ஊசி தரும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட். அதைப் பெருக்கவே அந்த வாசலுக்குப் பின்னால் தனியாக ஒரு சுற்று இருக்கிறது. பெருக்குவது மட்டுமல்ல, இன்னொரு திருத்தத்தையும் அது செய்கிறது. இசைத்தட்டில் ஒலியை உள்ளபடியே வெட்டினால், கனமான கீழ் ஒலிகள் பள்ளத்தை அகலமாக்கித் தட்டின் இடத்தைத் தின்றுவிடும்; மெல்லிய மேல் ஒலிகள் ஊசி உரசும் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளை உயர்த்திவிடுவார்கள். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு 1954-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஒரு பொதுக் கணக்கை வகுத்தது. ஃபோனோ சுற்று அதைத் தலைகீழாகப் போட்டுச் சமன் செய்கிறது. 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ பத்து மடங்கு ஏற்றும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இறக்கும். ஏற்கெனவே சரியாக இருக்கும் செல்போன் பாட்டை, அதுவும் ஊசி தருவதைவிட நூறு மடங்குக்கு மேல் பலத்தோடு இதற்குள் அனுப்பினால் என்ன ஆகும்? டம்டம் என்று அதிரும், சொற்கள் உடையும், பாடகர் யார் என்றே தெரியாது.

அடுத்தது டேப். என் கணக்கில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்திலேயே மதிப்பு மிக்க இடம் இதுதான். இங்கே இரண்டு ஜோடிகள் இருக்கும்: ‘டேப் இன்’ அல்லது ‘ப்ளே’ ஒன்று, ‘டேப் அவுட்’ அல்லது ‘ரெக்’ இன்னொன்று. கேசட் காலத்தில் ரேடியோவிலோ இசைத்தட்டிலோ ஓடுவதைப் பதிவுசெய்வதற்காக வைத்த வழி. சில ஆம்ப்ளிஃபயர்களின் முன்பக்கத்தில் ‘டேப் மானிட்டர்’ என்ற பொத்தானும் இருக்கும். டேப் இன்னில் எதையும் இணைக்காமல் யாராவது அதை அழுத்தி வைத்திருந்தால் ஆம்ப்ளிஃபயர் ஊமையாகிவிடும். மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

டேப் அவுட்டின் அருமை அது எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் இருக்கிறது. எந்தக் கருவி ஓடவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகுக்குப் பிறகு, வால்யூம் திருகுக்கு முன்பு. எனவே வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதில் ஒலி முழு அளவில் வந்துகொண்டிருக்கும். டிரான்ஸ்சீவரை டிஎக்ஸ் பக்கம் தள்ளி இதில் இணைத்தால், ஆம்ப்ளிஃபயருக்கு வரும் எதையும் புளூடூத் ஹெட்போனில் கேட்கலாம். இரவு பதினொரு மணிக்கு ஸ்பீக்கர் மௌனமாக இருக்க, எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா இசைத்தட்டை மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து கேட்கலாம். இசைத்தட்டுக் கருவியை நேராக டிரான்ஸ்சீவரில் இணைத்தால் இது நடக்காது. அந்த 5 மில்லிவோல்ட் காதில் விழாத அளவு மெலிந்திருக்கும், கீழ் ஒலிகளே இருக்காது. ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போனால் ஃபோனோ சுற்று தன் வேலையை முடித்துச் சீரான இசையை டேப் அவுட்டில் கொடுத்துவிடும். கேசட்டுக்காகப் போட்ட பாதை, கேசட் போன பிறகு வேறொரு கருவிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

டேப் அவுட் இல்லாத மாடல் என்றால் ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கலாம். வால்யூமைக் கொஞ்சமாக வைத்துத் தொடங்கவேண்டும். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் இடத்திலிருந்து மட்டும் எடுக்கவே கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்கும்போது அங்கே 20 வோல்ட் இருக்கும். ஒரு வோல்ட்டுக்குப் பழகிய பெட்டி கருகிவிடும்.

ஒயர் வேலை முடிந்தது, இனி காற்று. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகிறது. உலகம் முழுவதும் பொதுவாக விட்டுவைத்த பட்டை இது. இந்தியாவிலும் இதில் குறைந்த சக்தியில் ஒலிபரப்ப உரிமம் தேவையில்லை என்று 2005-இல் விதி வந்தது. பொது இடம் என்றால் கூட்டம் சேரும். வைஃபை இங்கேதான் இருக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பும் இங்கேதான் கொதிக்கிறது. இந்த நெரிசலில் பிழைக்க, இசைக்குப் பயன்படும் புளூடூத் இந்தப் பட்டையை ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறுகிறது. ஒரு தடத்தில் இடைஞ்சல் என்றால் அடுத்த கணமே வேறு தடம். 2003-இல் வந்த பதிப்பிலிருந்து, தொடர்ந்து அடைபட்டிருக்கும் தடங்களைக் கண்டறிந்து ஒதுக்கவும் கற்றுக்கொண்டது.

ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெயிலும் டார்பிடோக்களை ரேடியோவில் இயக்குவதற்காக இப்படி அலைவரிசை தாவும் முறைக்கு 1942-இல் காப்புரிமை பெற்றார்கள். தானாக வாசிக்கும் பியானோவில் வைப்பதுபோன்ற துளையிட்ட காகிதச் சுருளால் 88 அலைவரிசைகளுக்கிடையே தாவும் ஏற்பாடு அது. ‘புளூடூத்தைக் கண்டுபிடித்த நடிகை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது மிகை. தாவும் யோசனை அதற்கு முன்பும் சிலரிடம் இருந்தது. புளூடூத் உருவாக்கிய பொறியாளர்கள் வந்த பாதையும் வேறு. ஆனால் அந்தக் காப்புரிமை உண்மை, அதிலிருந்த புத்திசாலித்தனமும் உண்மை.

புளூடூத் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம். உலோகத்தைக் கண்டால் திரும்பிவிடும், தண்ணீரைக் கண்டால் வலுவிழக்கும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், நீங்கள் குறுக்கே நின்றாலே பாட்டு விட்டுவிட்டு வரலாம். இதைத் தெரிந்துகொண்டால் பெட்டியை எங்கே வைப்பது என்பது விளங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரின் இரும்புக் கூட்டுக்குப் பின்னால் தொங்கவிடுவதுதான் ஆக மோசம், ஆனால் எல்லோரும் அங்கேதான் விடுகிறார்கள். ஒரு மீட்டர் ஒயர் வாங்கி, பெட்டியை முன்பக்கம் கொண்டுவந்து திறந்த தட்டில் வையுங்கள். இரும்பு பீரோவும் மீன்தொட்டியும் போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் வரவேண்டாம். வைஃபை ரௌட்டரைச் சற்றுத் தள்ளி வைத்து, முடிந்த கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

தரம் பற்றித்தான் அதிகம் சண்டை நடக்கிறது. சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு காது. பெருக்கினால் நொடிக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட். புளூடூத்தில் எல்லாக் கருவிகளுக்கும் கட்டாயமான எஸ்பிசி முறை, நல்ல நிலையில் அனுப்புவது சுமார் 3 லட்சத்து 28 ஆயிரம் பிட்தான். ஒலியைச் சில பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் சத்தம் அதிகமோ அதற்கு அதிக பிட் ஒதுக்கி, மற்றவற்றில் சிக்கனம் பிடிக்கிறது. போனில் ஓடும் பாட்டு ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டதாக இருந்தால், போன் அதை விரித்து மறுபடி எஸ்பிசியில் சுருக்குகிறது. காது கூர்மையானவர்கள் ஜால்ராவிலும் தம்புராவிலும் வித்தியாசம் சொல்வார்கள். ஆப்டிஎக்ஸ், எல்டாக் முதலிய முறைகள் இன்னும் தாராளமானவை. சோனியின் எல்டாக் நொடிக்கு 9 லட்சத்து 90 ஆயிரம் பிட் வரை போகும். ஆனால் இரண்டு முனையிலும் அதே முறை இருந்தால்தான் பலன். ஐபோன்களில் ஆப்டிஎக்ஸ் இல்லை. அதை நம்பி விலை கூடிய பெட்டியை ஐபோன்காரர் வாங்குவது வீண். என்னைக் கேட்டால், சாதாரண வரவேற்பறையில் மின்விசிறி ஓடும்போது எஸ்பிசியே போதும்.

தாமதம்தான் உண்மையான தலைவலி. சுருக்க, அனுப்ப, தவறிய துண்டை மறுபடி அனுப்ப, இடைவெளி விழாமலிருக்கக் கொஞ்சம் சேர்த்து வைத்து விரிக்க என்று எஸ்பிசி பாதையில் 150 முதல் 250 மில்லி நொடி போய்விடும். பாட்டுக்கு இது பொருட்டே அல்ல. டிவிக்கு வினை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, படத்தைவிட ஒலி 125 மில்லி நொடி பிந்தினால் மனிதர்கள் கவனித்துவிடுகிறார்கள். 185-ஐத் தாண்டினால் ஏற்க மறுக்கிறார்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், ஒலி முந்தினால் 45 மில்லி நொடியிலேயே பிடிபட்டுவிடும். ஒலி பிந்துவது நமக்குப் பழக்கம். சேப்பாக்கத்தில் எழுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மட்டை பந்தில் பட்டுக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்துத்தான் ‘டொக்’ கேட்கிறது. ஒலி முந்துவதோ இயற்கையில் எங்கும் நடக்காது. எஸ்பிசியில் நாடகம் பார்ப்பது, அந்த கேலரியில் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சமம்.

இதற்கு மருந்து, ‘ஆப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி’ முறை. தாமதம் 40 மில்லி நொடி அளவுக்கு இறங்கும். இதுவும் டிரான்ஸ்சீவர், ஹெட்போன் இரண்டிலும் இருக்கவேண்டும். காது மந்தமான தாத்தாவுக்கு டிவி ஒலியைத் தனியாக ஹெட்போனில் கொடுக்க நினைப்பவர்கள், பெட்டியையும் ஹெட்போனையும் ஒன்றாகப் பார்த்து வாங்குவதே சரி. முதல்முறை ஜோடி சேர்க்கும்போது வீட்டிலுள்ள போன்களின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஹெட்போன் பழகிய போனைத் தேடி ஓடிவிடும். பெட்டியிலோ திரை கிடையாது, என்ன நடக்கிறது என்றே தெரியாது.

டிவியிலிருந்து எடுக்க ஆப்டிகல் துளை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். தோஷிபா 1983-இல் கொண்டுவந்த ஏற்பாடு; சிவப்பு ஒளி இழையில் ஓடும், மின் தொடர்பே இல்லை. டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்று மாற்றிவையுங்கள். ‘டால்பி’யில் இருந்தால் சின்னப் பெட்டிகளுக்குப் புரியாது, ஒலியே வராது.

கடைசியாக அந்த ‘உம்ம்’. டிரான்ஸ்சீவருக்கு வரும் 5 வோல்ட்டை டிவியின் யுஎஸ்பியிலிருந்தோ, மற்றொரு கருவியோடு பகிரும் சார்ஜரிலிருந்தோ எடுத்தால், ஒயர்களின் தரைத் தொடர்பு ஒரு வளையமாகிவிடும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் புகுந்து ஸ்பீக்கரில் முனகும். பேட்டரி உள்ள பெட்டி என்றால் சோதனை எளிது: சார்ஜரைப் பிடுங்குங்கள், முனகல் நின்றால் குற்றவாளி அதுதான். தனிச் சார்ஜர் போட்டும் தீரவில்லையென்றால் ‘கிரௌண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று ஒரு சிறு உருளை கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். செம்புத் தொடர்பை அறுத்துவிட்டு, காந்தப்புலத்தின் வழியாக இசையை மட்டும் கடத்தும். மலிவானவை கீழ் ஒலியைக் கொஞ்சம் விழுங்கும். போனின் வால்யூமை முழுசாக ஏற்றி, சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் குறைத்துக்கொண்டால் மிச்சமிருக்கும் சின்ன இரைச்சலும் அடங்கும்.

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நாற்பது வருடம் உழைக்கும். புளூடூத் முறைகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். புது வகையான எல்இ ஆடியோ இப்போதே வரத் தொடங்கிவிட்டது. அடிக்கடி மாறும் பகுதியைச் சில நூறு ரூபாயில் வெளியே வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். அதற்காகப் புளூடூத் உள்ளேயே இருக்கும் புது செட்டுக்கு மாறவேண்டியதில்லை. கடைக்குப் போகும் முன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தையும் டிவியின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டிக் கேட்டால், எந்தப் பெட்டி, எந்த ஒயர் என்று அங்கேயே முடிவாகிவிடும்.