வெளிநாட்டில் உழைப்பவர்களின் மனநிலையையும் விசாரிப்போம்

மத்திய கிழக்கில் வேலை செய்யும் நம்மவர்களிடம் தொலைபேசியில் நாம் அதிகம் கேட்பது, "எப்ப காசு அனுப்புவீங்க?" என்பதுதான். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பது குறைவு. உயிரைக் காக்கக்கூடியது இந்த இரண்டாவது கேள்வியே என நான் நினைக்கிறேன்.

அவர்களின் மனச்சுமைக்குக் காரணங்கள் பல. கபாலா முறையில் விசா முதலாளியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், பிரச்சினை வந்தாலும் வேலை மாறுவது இலகுவல்ல. போவதற்குப் பட்ட கடன், பிள்ளைகளைப் பிரிந்த ஏக்கம், வீட்டுப் பணிப்பெண்களின் தனிமை, வெறுங்கையோடு திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கம் ஆகியவையும் சேர்கின்றன.

இதனால் வரும் மனச்சோர்வை ஈமான் குறைவு என்று சிலர் தட்டிக்கழிக்கின்றனர். மகனைப் பிரிந்த கவலையில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதாகக் குர்ஆன் கூறுகிறது. அவர்களின் ஈமானில் யார் குறை காண்பார்?

தூக்கமின்மை, பேச்சுக் குறைதல், "நான் உங்களுக்குப் பாரம்" என்ற வார்த்தை, விடைபெறுவது போன்ற பேச்சு ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உருவாகாது. மறைத்து வைத்ததைச் சொல்ல வழி பிறக்கும்.

ஆபத்து தெரிந்தால், அங்குள்ள நம்பகமான ஒருவரை உடனே அருகில் இருக்கச் செய்து, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். இலங்கைத் தூதரகத்துக்கும் அறிவியுங்கள். இங்குள்ள குடும்பத்தினர் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.

"காசு பிந்தினாலும் பரவாயில்லை, ஏலாட்டி வந்துடுங்க" என்று இன்றே சொல்லிவையுங்கள்.