வரியும் விடுதலையும் – 7
ஆறு நாள் வேலை, மூன்று சிலிங்

தேயிலைக்கு முந்திய இலங்கை கோப்பியின் இலங்கை. 1840களில் மலைநாட்டுக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்களில் வெள்ளைக்கார வியாபாரிகளோடு அரசாங்க அதிகாரிகளும் இருந்தார்கள். காணிக்கு அலையவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. உரித்துப் பத்திரம் காட்டமுடியாத காடும் சேனையும் முடிக்குரியவை என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தீர்த்துவிட்டது. பரம்பரையாக மாடு மேய்த்த காட்டுக்குக் கண்டிக் கிராமத்தவன் பத்திரத்துக்கு எங்கே போவான்?

1847இல் கோப்பி விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்டம்கண்டன, திறைசேரியும் வற்றியது. அந்த வருடம் தேசாதிபதியாக வந்து இறங்கிய டொரிங்டன் பிரபு, கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வையை எடுத்துவிட்டார். தோட்டத்துரைமாருக்கு ஆறுதல். அதனால் விழுந்த துண்டை யார் தலையில் கட்டுவது என்று பார்த்தபோது கண்ணில் பட்டவன் கிராமத்தவன்.

1848இன் புதிய வரிகளைப் பாருங்கள். துவக்கு வைத்திருந்தால் வருடம் இரண்டரைச் சிலிங். நாய்க்கு ஒரு சிலிங். கடைக்கு ஒரு பவுண். இவற்றுக்கெல்லாம் மேலே தெருக் கட்டளைச் சட்டம்: வயதுவந்த ஆண் ஒவ்வொருவனும் வருடத்தில் ஆறு நாள் தெருவில் கூலியில்லாமல் வேலை செய்யவேண்டும், இல்லாவிட்டால் மூன்று சிலிங் கட்டவேண்டும். யானையும் பன்றியும் பயிரழிக்கும் ஊரில் துவக்கும் நாயும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. கோப்பி மூட்டை துறைமுகத்துக்கு இறங்கத்தான் தெரு பெரும்பாலும் தேவைப்பட்டது. கோப்பிக்குத் தீர்வை இல்லை, தெருவுக்கு மட்டும் கிராமத்தவனின் முதுகு. இந்த அநியாயத்தை விளங்கிக்கொள்ள எவருக்கும் பொருளியல் படிப்புத் தேவைப்படவில்லை.

இந்த வரிகள் மூட்டிய மாத்தளைக் கலகம் என்றதும் அதன் தலைவர்கள் புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் நினைவுக்கு வருவார்கள். வரவும் வேண்டும். ஆனால் அந்தக் கதையில் கொழும்புக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. நம் பாடப் புத்தகங்கள் அதை அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகையை நடத்திய டொக்டர் கிறிஸ்டோபர் எலியட் அயர்லாந்துக்காரர். அவருடைய பத்திரிகையில் 1848 ஜூலை 3 திகதியிட்ட கடிதம் ஒன்று வந்தது. 'ஓர் ஆங்கிலேயன்' என்று ஒப்பமிட்டு அதை எழுதியவர் அவரே. வரி விதிக்கும் சபையில் வரி கொடுப்பவனுக்கு இடம் வேண்டும் என்பதே அதன் சாரம். பிரான்ஸில் மக்கள் அரசனைத் துரத்தி ஐந்து மாதம்கூட ஆகாத நேரம் அது. கடிதம் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. ஜூலை 26இல் கொழும்பிலேயே வரிக்கு எதிராகப் பெருங்கூட்டம் திரண்டது.

இரண்டு நாள் கழித்துத் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். டொரிங்டன் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். ஓகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். குடாபொல தேரரைக் காவியுடையோடு நிறுத்திச் சுட்டார்கள். அந்தச் செய்தி இலண்டன் பாராளுமன்றம் வரை போய், விசாரணையாகி, 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

நாய் வரி, துவக்கு வரி, கடை வரி எல்லாம் போயின. பிக்குமாருக்குத் தெரு வேலையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆனால் தெருச் சட்டம் மட்டும் போகவில்லை. இந்த இதழில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். கலகத்தை அடக்கிய அரசு, கலகத்துக்குக் காரணமான சட்டங்களில் மிகக் கனமானதைத் தன்னோடு வைத்துக்கொண்டது. ஆறு நாள் வேலை, அல்லது பணம். அது தலைவரியாகி இருபதாம் நூற்றாண்டுக்குள்ளும் நடந்து வந்தது. அப்போது அது இரண்டு ரூபாய். பெரிய பங்களாக்காரருக்கும் இரண்டு ரூபாய், கொட்டாஞ்சேனையில் குடியிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கும் இரண்டு ரூபாய். மூட்டை தூக்கியவனுக்கு வாக்கு இல்லை. படிப்பும் வருமானமும் சொத்தும் பார்த்து வாக்குக் கொடுத்த காலம் அது.

இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919இல் பிறந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதன் முதல் தலைவர். அங்கே தீர்மானங்கள் மரியாதையான ஆங்கிலத்தில் நிறைவேறின. தலைவரியைத் தெருவில் இறங்கி எதிர்த்தவர்கள் வேறு ஆட்கள்: ஏ. ஈ. குணசிங்கவும் யங் லங்கா லீக் இளைஞர்களும். 1922இல் சிலாபத்து வழக்கறிஞர் விக்டர் கொரயா வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். இந்தியாவில் ஒத்துழையாமை நடந்துகொண்டிருந்த காலம். கொழும்புக்கும் அந்தச் சூடு பட்டது. கடைசியில் வரி நீக்கப்பட்டது. மாத்தளையில் துப்பாக்கியை எதிர்த்து முடியாத காரியம், கட்டமாட்டேன் என்ற ஒரு சொல்லில் முடிந்தது.

அந்த வெற்றி குணசிங்கவைக் கொழும்புத் தொழிலாளரின் தலைவராக்கியது. 1923 பொது வேலைநிறுத்தம், 1927 துறைமுக வேலைநிறுத்தம் இரண்டிலும் சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் ஒன்றாக நின்றார்கள். பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் குணசிங்கவோடு தோள்கொடுத்தார். ஆனால் 1933இல் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது அதே குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். ஆலைத் தொழிலாளரில் பெரும்பகுதி மலையாளிகள். 'இந்தியன் நம் வேலையைப் பறிக்கிறான்' என்ற பேச்சுக்கு அவர் வாய் கொடுத்துவிட்டார். வேலைநிறுத்தக்காரர் பக்கம் நின்றவர் இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. வரி வாங்கும்போது வெள்ளைக்காரன் இனம் பார்க்கவில்லை. வரியை எதிர்த்தவர் இனம் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பிளவுக்கு நாம் கொடுத்த விலையை இந்தத் தொடர் பின்னால் பேசத்தான் போகிறது.

அடுத்த வருடம் வந்தது துணி. உலக மந்தத்தில் கையில் காசில்லாத ஏழைக்கு மலிவான ஜப்பான் துணிதான் மானம் காத்தது. மன்செஸ்டர் துணி விலைபோகவில்லை. குடியேற்ற நாடுகள் ஜப்பான் துணியை இவ்வளவுக்கு மேல் இறக்கக்கூடாது என்று இலண்டன் 1934இல் கோட்டா விதித்தது. இலங்கைக்கு 1931இலேயே சர்வசன வாக்குரிமை கிடைத்திருந்தது. மக்கள் தெரிவுசெய்த அரசாங்க சபை இந்தக் கோட்டாவுக்கு இணங்கவில்லை. இலண்டன் சபையிடம் மறுபடி கேட்கவும் இல்லை. மன்னரின் கவுன்சில் ஆணை ஒன்றால் கோட்டா நாட்டின் மீது இறக்கப்பட்டது.

வாக்கு வந்த பிறகும், உடுக்கும் துணி எங்கிருந்து வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்க அந்த வாக்குக்குச் சக்தி இல்லை. மறு வருடம் டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, பூரண சுதந்திரத்தைத் தன் இலக்காக எழுதிக்கொண்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளவத்தை ஆலை வாசலில் நின்ற அதே கொல்வின்.

(அடுத்த இதழில்: உப்பும் அரிசியும்)