பிடித்தவர் எழுதியது தவறாமல் வந்து சேர



தோட்டத்துக்குப் பத்திரிகை வந்த காலம் நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பேருந்தில் கட்டாக வந்து கடைவாசலில் இறங்கும். படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பால்மரக் காட்டிலிருந்து திரும்பியவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இதழில் தொடர்கதை வந்துகொண்டிருக்கும்போது ஒரு வாரத் தாள் தவறிவிட்டால் போதும், "போன வாரத்துத் தாள் உங்கள் வீட்டில் இருக்கிறதா?" என்று அடுத்த டிவிஷனுக்கே ஆள் போய் விசாரிப்பதுண்டு. தமக்குப் பிடித்த எழுத்தை ஒரு வாரம்கூடத் தவறவிடக் கூடாது என்ற ஆவல் அவர்களுக்கு இருந்தது.

1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. வேறு நாளேடுகள் வருகின்றன. ஆயினும் இன்று நம் வீடுகளில் படிக்கப்படும் எழுத்தில் ஒரு பகுதி கைப்பேசியில்தான் இருக்கிறது. அதில் ஒரு வகை வலைப்பதிவு. ஒருவர் தம் பெயரில் இணையத்தில் ஓர் ஏட்டைத் திறந்து வைத்து, எழுத எழுதத் தேதியிட்டு அதில் சேர்த்துக்கொண்டே போவதுதான் வலைப்பதிவு. சிறுகதை எழுதுவோர் உண்டு. சமையல் குறிப்பு எழுதும் தாய்மார்கள் உண்டு. தொழிலாளர் சட்டத்தை எளிய தமிழில் விளக்குவோரும், மறைந்துபோன தோட்டங்களைப் பற்றிய நினைவுகளை எழுதி வைப்போரும் உண்டு.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பத்திரிகைக்கு நாள் கிழமை உண்டு. வலைப்பதிவுக்கு அது கிடையாது. ஒருவர் வாரம் இரண்டு முறை எழுதுவார், இன்னொருவர் மூன்று மாதத்துக்கு ஒன்று எழுதுவார். அவர் எழுதிய செய்தி நமக்கு எப்படித் தெரியும்?

நாம் பெரும்பாலும் மூன்று வழிகளில் தேடுகிறோம். முதல் வழி, தினமும் போய்ப் பார்ப்பது. பத்து நாள் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் சலித்துப்போய் விட்டுவிடுகிறோம். பதினோராம் நாள் அவர் எழுதியிருப்பார். இரண்டாவது வழி, ஃபேஸ்புக் போன்ற இடங்களில் கண்ணில் படட்டும் என்று காத்திருப்பது. அங்கே எதை முன்னால் காட்டுவது என்பதை அந்த நிறுவனத்தின் கணக்குத்தான் முடிவு செய்கிறது. நாம் விரும்பியவரின் எழுத்து அடியில் போய்விடலாம். மூன்றாவது வழி, யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அது பலமுறை எழுதியவர் பெயரும் தேதியும் இல்லாமல் வந்து சேர்கிறது.

தேதி இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் பார்ப்போம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அது ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு. ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 1-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. இதில் தேதியை எடுத்துவிட்டால், தனக்கு எந்த மாதச் சம்பளத்திலிருந்து உயர்வு சேரவேண்டும் என்று ஒரு தொழிலாளி எப்படிக் கேட்பார்? விவரம் தெரிந்தவர் எழுதியதை, எழுதிய அன்றே, அவர் பெயரோடும் தேதியோடும் படிப்பது நம் கைக்கு வரும் கூலியைப் பற்றிய விஷயமாகும்.

இதற்கு நல்ல வழியொன்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதன் பெயர் செய்தியோடை. அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1999-இல் இதன் முதல் வடிவம் உருவாயிற்று. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளாக ஆர்.எஸ்.எஸ். என்பார்கள். அந்தப் பெயரில் இந்தியாவில் உள்ள இயக்கத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இது வேலை செய்யும் விதம் எளிது. தோட்ட அலுவலகத்தின் வெளியே அறிவிப்புப் பலகை இருக்குமல்லவா? அதுபோல் பெரும்பாலான வலைப்பதிவுகள் வாசலில் ஒரு சிறு பலகையை வைத்திருக்கின்றன. கடைசியாக எழுதிய சில கட்டுரைகளின் தலைப்பு, தேதி, முகவரி, சில சமயம் முழுக் கட்டுரையும் அதில் இருக்கும். புதியதை எழுதியவுடன் பலகை தானாக மாறிவிடும். நம் கைப்பேசியில் ஓடைப் படிப்பான் என்ற செயலியை வைத்துக்கொண்டால், அது ஒரு சுறுசுறுப்பான பையனைப் போல, நாம் சொன்ன பலகைகளை மட்டும் அவ்வப்போது சுற்றிப் பார்த்து, புதியதை ஒரே இடத்தில் கொண்டுவந்து வைக்கும். மூன்று மாதம் பேசாமல் இருந்தவர் நான்காம் மாதம் எழுதினாலும் அது வந்துவிடும்.

இனி, செய்யவேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு தாளை எடுத்து, நீங்கள் விரும்பிப் படிப்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். தொடக்கத்தில் பத்துக்கு மேல் வேண்டாம். நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருவரையும் படிக்காமல் விடுவதில் பயனில்லை.

அடுத்து, ஃபீட்லி, இனோரீடர் போன்ற படிப்பான்களில் ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சாதாரணத் தேவைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பிறகு வலைப்பதிவின் முகவரியை நகலெடுத்துப் படிப்பானின் தேடும் கட்டத்தில் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸில் நடக்கும் பதிவுகளுக்கு முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இதைச் சில நிமிடங்களில் செய்து கொடுப்பார்கள்.

இந்த வழியில் சில நன்மைகள் உண்டு. பின்தொடர்வதற்காக வலைப்பதிவு நடத்துபவரிடம் உங்கள் பெயரையோ தொலைபேசி எண்ணையோ கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக்கு டேட்டாச் செலவும் குறைவு. செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை சரியாகக் கிடைக்காது என்பது நாம் அறிந்ததே. சில படிப்பான்கள், அலைவரிசை கிடைக்கும் இடத்தில் கட்டுரைகளை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு படிக்கவும் வசதி தருகின்றன.

படிக்கத் தெரியாத பாட்டிக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பாட்காஸ்ட் எனப்படும் பேச்சு நிகழ்ச்சிகளும் இதே ஓடை வழியாகவே செல்கின்றன. பாட்டிக்குப் பிடித்த பேச்சோ கதையோ அப்படி வெளிவந்தால், புதியது வந்ததும் கைப்பேசி அறிவிக்கும். பிள்ளைகள் போட்டுக் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூகுள் நிறுவனம் 2005-இல் ஓர் ஓடைப் படிப்பானைத் தொடங்கியது. பலரும் அதையே நம்பியிருந்தார்கள். 2013 ஜூலை 1-இல் நிறுவனம் அதை மூடிவிட்டது. பட்டியலைத் தனியே எடுத்து வைத்திருந்தவர்கள் மறுநாளே வேறொரு படிப்பானுக்கு மாறிக்கொண்டார்கள். எடுத்து வைக்காதவர்கள் யார் யாரைப் படித்தோம் என்று நினைவைத் துழாவ வேண்டியதாயிற்று. ஆகவே பட்டியலைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதிய தாளையும் எறிந்துவிட வேண்டாம். படிப்பான்கள் வரும், போகும். பட்டியல் உங்களுடையது.

எழுதுகிறவர் பக்கத்தையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மூடப்பட்ட ஒரு தோட்டத்தைப் பற்றி, அங்கே இருந்த கோயிலைப் பற்றி, ஆயாக்கொட்டகையைப் பற்றி ஒருவர் வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து எழுதுகிறார். படிக்க ஆள் இருக்கிறதா என்று தெரியாமல் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களோ வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, நம்மைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்று குறைப்படுகிறார்கள். அவர் எழுதுவதை இவர்கள் தொடர்ந்து படித்து, "எங்கள் அம்மாவும் அங்கேதான் மரம் வெட்டினார்கள்" என்று இரண்டு வரி எழுதிப் போட்டால், அடுத்த கட்டுரையையும் அவர் எழுதுவார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தத் தாளை எழுதுங்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று மூன்று பெயரோடு தொடங்கினாலும் போதும்.