வீட்டுத் தூசியில் தீத்தடுப்பு ரசாயனங்கள்

சோபாவுக்குள் இருக்கும் ஃபோம், டிவியின் பிளாஸ்டிக் கூடு எல்லாமே பெட்ரோலியத்தின் பிள்ளைகள். நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் புரோமின் கலந்த தீத்தடுப்பு ரசாயனங்களை உற்பத்தியின்போதே சேர்த்து வந்தார்கள். "தீப்பிடிக்காம இருந்தா நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இவை போட்ட இடத்தில் நிற்பதில்லை.

இவற்றில் பி.பி.டி.இ. என்ற வகை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பால் ஒட்டுவதில்லை. வண்டு வராமலிருக்க அரிசி டப்பாவில் போடுகிற மிளகாய் வற்றல் மாதிரி, கூடவே இருக்கும், ஒன்றாகிவிடாது. வருஷக்கணக்கில் மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் படியும். தவழுகிற குழந்தைக்குத் தரையில் கை, அடுத்த நிமிஷம் வாயில் கை. அமெரிக்க ஆய்வுகளில் தாயைவிடச் சிறு குழந்தையின் ரத்தத்தில் இது அதிகம் இருந்ததற்குக் காரணம் வேறென்ன?

உடம்பில் கொழுப்பில் போய்த் தங்கும். சுவீடனில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பாலைச் சோதித்தபோது, 1972 முதல் 1997 வரை சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதன் அளவு இரட்டித்தது தெரிந்தது. (அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அதன் நன்மையே பெரிது என்பது மருத்துவர்கள் கருத்து.) இதன் அமைப்பு தைராய்டு ஹார்மோனை ஒத்திருப்பதால் அதன் வேலையைக் குழப்புகிறது. கர்ப்பிணியின் உடலில் இது அதிகமாக இருந்தால், பிறக்கும் குழந்தையின் அறிவுத்திறனும் கவனமும் குறைவதோடு தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

சரி, இத்தனைக்கும் ஈடாகத் தீயாவது நின்றதா? கலிபோர்னியாவின் கதையைப் பாருங்கள். சோபா ஃபோம் சிறு சுடரை 12 விநாடி தாங்க வேண்டும் என்று 1975-இல் அங்கே விதி வந்தது. நிஜத்தில் முதலில் எரிவது மேல்துணி. தீ உள்ளே போவதற்குள் அது சிறு சுடராகவா இருக்கும்? ரசாயனம் இல்லாமலே தேறக்கூடிய விதியாக அதை மாற்ற 2013 வரை ஆயிற்று. இதற்கிடையே இன்னொரு கூத்து. குழந்தைகளின் இரவு உடையில் சேர்த்த புரோமின் 'டிரிஸ்' புற்றுநோய் அச்சத்தால் 1977-இல் தடையாயிற்று. அதன் பங்காளியான குளோரின் 'டிரிஸ்' பிற்பாடு சோபாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பி.பி.டி.இ. வகைகளை 2009-லும் 2017-லும் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் சிலவற்றை இந்தியா 2018-இல் தடை செய்தது. ஆனால் தடைக்கு முன் வாங்கிய பழைய டிவியும் கம்ப்யூட்டரும் எங்கே போகும்? டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களுக்குத்தான். அங்கே வெறுங்கையால் உடைக்கிறார்கள். அந்த பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் வகை நச்சுகளும் கிளம்பும்.

வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை. பெருக்குவதோடு விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடுமுன் பிள்ளைகள் கை கழுவட்டும். கிழிந்த பழைய ஃபோமைத் தலையணைக்குள் திணிக்க வேண்டாம். பழைய டிவியைக் கபாடிவாலாவிடம் போடாமல், அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்தில் கொடுங்கள், காசு குறைவாகக் கிடைத்தாலும்.