தகட்டின் வளைவும் நொதுமல் அச்சும்

தகட்டை வளைக்குங்கால் வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும். இடையே நீளம் மாறாது நிற்பது நடுநிலை அச்சு. இலங்கைக் கலைச்சொல் மரபில் அது 'நொதுமல்' அச்சு; பகையும் நட்பும் அல்லாத நிலைக்குப் பரிமேலழகர் ஆண்ட சொல். வளைக்குமுன் வெட்டவேண்டிய நீளம் இவ்வச்சின் நீளமே.

2 மி.மீ. தடிப்புள்ள தகட்டை, உள் ஆரை 2 மி.மீ. அமைய 90 பாகை வளைத்து, வெளியளவு 50, 30 மி.மீ. பெறவேண்டும் எனக் கொள்க. வளையாத பகுதிகள் 46, 26 மி.மீ. முதலில் தடிப்பின் நடுவிலுள்ள அச்சு, வளைகையில் உட்புறம் நகரும். உள் முகத்திலிருந்து தடிப்பின் 0.4 பங்கில் அது அமையின், அதன் ஆரை 2.8, வில்லின் நீளம் 4.4 மி.மீ. ஆகவே வெட்டும் நீளம் 76.4 மி.மீ. வெளியளவுகளைக் கூட்டி 80 என வெட்டினால் 3.6 மி.மீ. மிகும்.

0.4 என்பது மாறிலி அன்று. உலோகத்திற்கும் ஆரைக்கும் ஏற்ப மாறும். சோதனைத் துண்டொன்றை வளைத்து அளந்தே அதனை உறுதிசெய்தல் வேண்டும்.