ஊர்ப் பள்ளியும் சேவைச் சங்கங்களும்

நமது நகரங்களில் இயங்கிவரும் ரோட்டரி, அரிமா முதலிய சேவைச் சங்கங்கள் குறித்த நாளில் கூடி, அரசுப் பள்ளிகளின் முன்னேற்றத்தைப் பற்றி ஆலோசிப்பது வழக்கமாகியிருக்கிறது. தலைமையாசிரியர் ஒருவர் விருந்தினராக வந்து பள்ளியின் குறைகளை எடுத்துரைக்கிறார். ஒருவர் மேசை நாற்காலிகளும், மற்றொருவர் குடிநீர்த் தொட்டியும் தருவதாக மனமுவந்து அறிவிக்கின்றனர். இது போற்றத்தக்க தொண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூட்டுறவாளர்களாகிய நாம் ஒரு கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். எந்தப் பிள்ளைகளுக்காக அத்தொண்டு நடைபெறுகிறதோ, அப்பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்தக் கூட்டத்தில் இடம் உண்டா?

வெளியார் பணத்தைக் கொண்டு ஒரு சங்கத்துக்குக் கட்டடம் எழுப்பிவிடலாம். உறுப்பினர்கள் பேரவைக்கு வாராமலும் கணக்கைக் கேளாமலும் இருந்தால், அச்சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. இதை நாம் அனுபவத்தில் அறிவோம். பள்ளிக்கும் இதே விதிதான். அதற்குக் கொடையாளரும் வேண்டும். அவர்களினும் மேலாக உறுப்பினர் வேண்டும்.

நமது மாநிலத்தின் கடந்த கால வரலாறே இதற்குச் சான்று பகரும். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர்மக்களின் நன்கொடையைக் கொண்டே நடைபெற்றது. பின்னரே அரசு செலவில் பங்கேற்றது. 1958-இல் கடம்பத்தூரில் முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அக்காலத்தில் கல்வித்துறையின் இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் அவ்வியக்கத்தை மாநிலமெங்கும் பரப்பினார். அதன் முறை எளியது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் எழுதப்படும். ஒவ்வொன்றுக்கும் மதிப்புக் குறிக்கப்படும். பிறகு ஊரார் தத்தம் சக்திக்கு ஏற்றதை ஏற்றுக்கொள்வர். நிலமும் கட்டடமும் தந்த செல்வரும் இருந்தனர். சிறு பொருளைத் தந்த எளியோரும் இருந்தனர். பட்டியல் முந்தியது, கொடை பிந்தியது. இவ்வரிசை மாறாதிருந்தமையால், பள்ளிக்கு வேண்டியதே பள்ளிக்குச் சென்று சேர்ந்தது.

இன்று அப்பட்டியலை எழுதும் உரிமையைச் சட்டமே பெற்றோரிடம் ஒப்படைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்று விதிக்கிறது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தை வகுப்பதும், கிடைக்கும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் இக்குழுவின் பணிகள்.

இவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடுமாயின் நட்டம் நம்முடையதே. தறிக்குழியில் அமர்ந்திருக்கும் தாய்க்குப் பகல் நேரக் கூட்டம் என்பது அரைநாள் கூலி இழப்பு. களையெடுப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் செல்லும் தாய்க்கும் அவ்வாறே. அவள் வாராத கூட்டத்தில் அவள் பெயரால் தீர்மானம் நிறைவேறுகிறது. மறுபுறம், தார் சுற்ற ஆளில்லை என்று ஒரு வீட்டில் பெண்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாது நிறுத்திவைத்தால், அந்த வீட்டுப் படியேறி உரிமையோடு கேட்கக் கூடியவர் யார்? நகரத்திலிருந்து வரும் சேவைச் சங்கத் தலைவரால் அது இயலாது. அதே தெருவில் தறி நெய்யும் குழு உறுப்பினரால் இயலும். கட்டடத்தைக் காட்டிலும் அருமையான தொண்டு அதுவே.

அவ்வாறாயின் சேவைச் சங்கங்கள் விலகி நிற்க வேண்டுமா? அன்று. ரோட்டரியின் பிறப்பே அவர்களுக்கு வழிகாட்டும். 1905-இல் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கலைஞர் ஆகிய நால்வர் கூடி அதனைத் தொடங்கினர். ஒவ்வொருவருடைய தொழிலிடத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியமையாலேயே அப்பெயர் அமைந்தது. அந்தச் சுழற்சியில் ஒருமுறை நமது ஊர்ப் பள்ளிக்கும் வரட்டும். பெற்றோருக்கு ஓய்வுள்ள மாலை வேளையில், பள்ளித் தாழ்வாரத்தில், குழு உறுப்பினர்களோடு ஒரே பாயில் அமர்ந்து அவர்கள் வகுத்த திட்டத்தைக் கேட்கட்டும். கழிப்பறை கட்டித் தர முன்வருவோர் அதற்கு நீர் எங்கிருந்து வரும், நாள்தோறும் தூய்மை செய்வோர் யார் என்பதையும் அங்கேயே பேசி முடிக்கட்டும். கொடுத்த பொருள் ஓராண்டு கழித்து எந்நிலையில் இருக்கிறது என்று கேட்கும் பொறுப்பைப் பெற்றோர் குழு ஏற்கட்டும்.

நமது சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. கூட்டுறவுக்கு வித்திட்ட ராச்டேல் முன்னோடிகள் 1844-இல் கடை திறந்தவர்கள். அவர்களுள் நெசவாளர் பலர். பின்னர் உபரி வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினார்கள். அந்த மரபின் வாரிசுகள் நாம். உறுப்பினர்கள் நூல் வாங்கவும் துணி ஒப்படைக்கவும், விளைபொருள் கொணரவும் வரும் நாளில், பள்ளிக் குழு கூடும் தேதியைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். அன்று குழுவுக்குச் செல்லும் தாய்மார்களின் வேலைக் கெடுவை ஒருநாள் தள்ளிக் கொடுக்கலாம். குழுவின் கணக்கைப் படித்து விளக்கச் சங்கக் கணக்கரை அனுப்பி உதவலாம். இவற்றில் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை.

அன்பர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் குழுவில் உள்ள பெற்றோர் யார் யார் என்று இம்மாதமே கேட்டறியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களுள் ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.